நாலாவது ரகம்

இல்ல மிஸ், யாரும் என்னை அனுப்பல. நானாத்தான் வந்தேன். அனுப்பி வச்சாதான் இந்த ரூமுக்கு ஆள் வரும்னு நீங்களே நம்புறீங்க பாருங்க, அதுலயே தெரியுது உங்க கடை எப்படி ஓடுதுன்னு.

கோவமெல்லாம் இல்ல. என் மூஞ்சியே அப்படித்தான்.

வாசல்ல கவுன்சிலிங் ரூம்னு போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி இது விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கிற ரூம், தெரியுமா? இன்னும் அந்த ரப்பர் நாத்தம் போகல. பந்துக்குக் காத்தடிச்ச இடத்துல உக்காந்து இப்ப நீங்க எங்களுக்குக் காத்தடிக்கிறீங்க. சுவத்துல சூரியன் படம் வேற. உன்னால் முடியும்னு போட்டிருக்கு. எது முடியும்னு போடல. எது வேணாலும் முடியும்னு எடுத்துக்கிட்டுதான் நம்ம பசங்க தண்ணி டேங்குக்குப் பின்னாடி போனாங்க போல.

சரி, சரி. விஷயத்துக்கு வரேன்.

போன வாரம் ஹால்ல பேசினீங்கள்ல? ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு எங்க ஒன்பதாங்கிளாஸ் பசங்க மூணு பேர் பீர் குடிச்சு மாட்டினாங்க, உடனே எங்க எல்லாரையும் தரையில உக்கார வச்சு நீங்க ஒரு மணி நேரம் படம் காட்டினீங்க. சின்ன வயசுலயே குடிக்கப் போறவங்கள குணத்த வச்சே கண்டுபிடிக்கலாம், அதுல நாலு ரகம் இருக்குன்னு. சாகசம் தேடுறவங்க, அவசரப்படுறவங்க, எப்பவும் சோகமா இருக்கிறவங்க, பயப்படுறவங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொம்மை. அன்னிலேந்து கிளாஸ்ல அதே பேச்சுதான் மிஸ். நீ எந்த ரகம்டா, உங்க அப்பா எந்த ரகம்டான்னு. கணக்கு சாருக்குக்கூட ஒரு ரகம் முடிவு பண்ணிட்டாங்க. எதுன்னு சொல்ல மாட்டேன்.

நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல வரல. முதல் மூணு ரகம் கரெக்டுதான். ஆனா அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய படிப்பு? கண்ணு இருந்தா போதுமே.

ராக்கெட்ட எடுத்துக்கோங்க. ஆமா, உயரமா, புருவத்துல தழும்பு இருக்குமே, அவன்தான். மாடிப்படியில நடந்து இறங்கி நான் பார்த்ததே இல்ல, கைப்பிடில சறுக்கிட்டுத்தான் வருவான். கை உடைஞ்சு மாவுக்கட்டோட வந்து, அந்தக் கட்டாலயே கேரம் ஆடினவன். அவன் பீர் குடிக்கலன்னாதான் அதிசயம். குடிச்சான், வாந்தி எடுத்தான், சோப்புத் தண்ணி மாதிரி இருக்குடான்னு சொல்லிட்டு, மறுநாள் சைக்கிள் ஷெட்டுக் கூரை மேல ஏறிட்டான். அவனுக்கு அது ஒரு சுவரு. ஏறிக் குதிச்சாச்சு, முடிஞ்சுது.

அப்புறம் முந்திரிக்கொட்டை. பேருலயே இருக்கு. வாத்தியார் ஒரு செவ்வகத்தின் நீளம்னு ஆரம்பிச்சாலே இவன் நாப்பத்தெட்டுன்னுடுவான். என்ன கேக்கப் போறாருன்னே தெரியாது. ராக்கெட்டு டின்ன நீட்டினதுதான் தாமதம், பாதி காலி. குடிச்சப்புறம்தான் கேட்டானாம், இது என்னடான்னு.

மூணாவது அழுமூஞ்சி. டெஸ்க்ல எல்லாம் வீண்னு எழுதி வைப்பான். டெஸ்க்க மாத்திக் கொடுத்தா அதுலயும் எழுதுவான். பீரக் குடிச்சிட்டு, இதுலயும் ஒண்ணுமில்லன்னு சொன்னானாம். சிரிக்காதீங்க மிஸ். நான் சிரிக்கலாம், நீங்க சிரிக்கக்கூடாது. அவன் ஒரு நாள் நிஜமாவே ஏதாவது பண்ணி வைப்பான். அவன அப்புறம் கூப்பிட்டுப் பேசுங்க, அது தனி.

நான் வந்தது நாலாவது ரகத்துக்காக.

ஞாபகம் இருக்கா என்ன சொன்னீங்கன்னு? நகம் கடிக்கிற பொம்மைப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. பயப்படுற பிள்ளைங்க பெரும்பாலும் இந்தப் பக்கமே வரமாட்டாங்க, அவங்களப் பத்தி நாம ரொம்பக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லிட்டு, அடுத்த படம். அந்தப் பொம்மை வந்து போன நேரத்துல ஒரு தும்மல்கூடப் போட முடியாது. எனக்கு அப்படியே எழுந்து ஏதாவது கத்தணும் போல இருந்துச்சு. ஏன்னா அந்த ரகம் என் தோள்ல இடிச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

பேர் வேண்டாம். பஞ்சுன்னு வச்சுக்கோங்க. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். அஞ்சாங்கிளாஸ்ல காதுவலின்னு பஞ்சு வச்சுக்கிட்டு வந்தா. வலி போயிடுச்சு, பஞ்சு போகல. வருஷம் பூரா வச்சுக்கிட்டே வந்தா. சத்தம் கம்மியா இருக்குடி, நல்லா இருக்குடின்னா. அவ ஆளும் அப்படித்தான். பாத்ரூம் போகணும்னா மிஸ்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே இருப்பா, பீரியடே முடிஞ்சிடும். பாடம் வரிசையா படிக்கச் சொன்னா, தனக்கு முன்னாடி எத்தனை பேருன்னு எண்ணி, தன்னோட பத்தி எதுன்னு கண்டுபிடிச்சு, அதையே திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டிருப்பா. நடுவுல யாராவது லீவு போட்டிருந்தா போச்சு. பத்தி மாறிடும். அப்ப அவ மூஞ்சியப் பார்க்கணும், தூக்குல போடக் கூட்டிட்டுப் போற மாதிரி.

முட்டாள் எல்லாம் இல்ல. கிளாஸ்லயே நல்லா எழுதுறவ அவதான். என் கட்டுரையெல்லாம்... சரி, அத விடுங்க.

அவங்க அப்பாவத் தெரிஞ்சா உங்களுக்குப் புரியும். மிக்ஸி, அடுப்பு விக்கிற கம்பெனில வேலை. ஆரம்பத்துல கடை வாசல்ல நின்னு கேரட் நறுக்கிக் காட்டி ஆள் பிடிச்சவரு. இப்ப மேனேஜர். நின்னு பேசுற பசங்களுக்கு எப்படிப் பேசுறதுன்னு சொல்லிக் கொடுக்கிறவரு. வாய் இருந்தா பொழைச்சுக்கலாம்ங்கிறதுதான் அவருக்கு வேதம். அவரு வீட்டுல பொறந்தது இது. வீட்டுக்கு யாராவது வந்தா போதும், உள்ள இருக்கிறவளக் கூப்பிட்டு நடு ஹால்ல நிக்க வச்சு, எங்கே, உன்னைப் பத்தி நாலு வார்த்தை சொல்லும்மான்னு ஆரம்பிச்சிடுவாரு. இவ கார்ப்பெட்டப் பார்த்துக்கிட்டு நிப்பா. அம்மா சமையல் ரூமுக்குள்ளேந்தே, விடுங்க, அது கூச்சப்படுதுன்னு சொல்லுவாங்க. வெளிய வந்து சொல்ல மாட்டாங்க. அவ்வளவுதான் அந்த அம்மாவோட வீரம்.

இதெல்லாம் பஞ்சுவே சொன்னது. நான் கதை கட்டல.

ஒரு தடவ அப்பாவோட பெரிய ஆபீசர் சாப்பிட வந்திருக்காரு. வழக்கம் போல இவள நிக்க வச்சாச்சு. வழக்கம் போல இவ நடுங்குறா. அந்த ஆளு கையில கிளாஸோட உக்காந்திருந்தாரு. அவரு பாட்டில எடுத்து, அதோட மூடில ஊத்தி, இந்தா பாப்பா, மருந்து மாதிரி ஒரே மடக்கு, கூச்சமெல்லாம் பறந்துடும்னு நீட்டினாரு. பதினாலு வயசுப் பொண்ணுகிட்ட. அப்பா என்ன பண்ணியிருக்கணும்? சொல்லுங்க. அந்த ஆள எழுப்பி வெளிய அனுப்பியிருக்கணும். ஆனா பெரிய ஆபீசர் சிரிச்சாரு, அதனால இவரும் சிரிச்சாரு. ஊரெல்லாம் போய் வாய் வித்தவருக்கு அன்னிக்கு வாய் வரல.

பஞ்சுவால வேண்டாம்னு சொல்ல முடியல. வேண்டாம்னு சொல்றதுக்கும் தைரியம் வேணும்ல. குடிச்சிட்டா.

அதுதான் மிஸ், பயந்தவ பக்கமே வரமாட்டான்னு சொன்னீங்களே. பயந்தவளாலதான் மறுக்க முடியாது.

இருங்க, இதவிடக் கேவலம் இனிமேதான். கொஞ்ச நேரத்துல அவளுக்குப் பேச்சு வந்துச்சு. நல்லா வந்துச்சு. தன்னைப் பத்தி, ஸ்கூலப் பத்தி, என்னைப் பத்திக்கூட ஏதோ ஜோக் சொல்லியிருக்கா. எல்லாரும் கை தட்டினாங்க. அப்பா தோளோட அணைச்சுக்கிட்டு, பாத்தீங்களா சார், எம் பொண்ணுன்னு சொன்னாராம். அதச் சொல்லும்போது பஞ்சு அழுதா. அப்பா அப்படி அணைச்சது அதுதான் முதல் தடவயாம்.

அப்புறம் யாரு விடுவாங்க? நான்னாலும் விட்டிருக்க மாட்டேன்.

அவங்க வீட்டு ஷோகேஸ்ல பாட்டில் வரிசையா நிக்கும். கடைக்காரங்க கொடுத்தது, கம்பெனில கொடுத்தது. இவ ஒரு மூடி எடுப்பா, அளவு குறையாம டீத்தண்ணிய ஊத்தி வச்சிடுவா. அப்பாவோட சிநேகிதங்க குடிச்சிட்டு, இந்தச் சரக்கு தொண்டையில இறங்குறதே தெரியல, ஒசத்தி சரக்குன்னு பாராட்டினாங்களாம். பாதி டீ, மிஸ். இவங்கதான் நமக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்கிற பெரியவங்க.

முதல்ல வாய்மொழித் தேர்வு அன்னிக்கு மட்டும். அப்புறம் கிளாஸ்ல படிக்க வேண்டிய நாள்ல. அப்புறம் பேச்சுப் போட்டி வந்துச்சு. யாரும் நம்பல, பஞ்சு பேர் கொடுத்திருக்கான்னு. தன்னம்பிக்கைன்னு தலைப்பு. மேடையில ஏறினா பாருங்க, தலைய நிமிர்த்தி, கைய ஆட்டி, நடுவுல நிறுத்தி ஒரு பார்வை பார்த்து... முதல் பரிசு. தமிழ் மிஸ்ஸுக்குக் கண்ணுல தண்ணி. பிரின்சிபால் பிரேயர்ல எல்லார் முன்னாடியும் சொல்றாங்க, முயற்சி இருந்தா எவ்வளவு மாற முடியும்னு இந்தப் பொண்ணப் பார்த்துக் கத்துக்கோங்கன்னு. கத்துக்கோங்க! ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏம்மா, நேத்து வரைக்கும் வாயத் திறக்காதவ இன்னிக்கு எப்படின்னு கேக்கல. கெட்டுப்போனாதான் கேப்பாங்க. நல்லா ஆனா எதுக்குக் கேக்கணும்? கோப்பையக் கொடுத்தோமா, போட்டோ எடுத்தோமா, போனோமா.

எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? தற்செயலாத்தான். விளையாட்டுப் பீரியட் முடிஞ்சு தாகம். என் பாட்டில் காலி. பக்கத்துல அவளோட பாட்டில் இருந்துச்சு. நாங்க எச்சில் பார்க்க மாட்டோம். எடுத்து ஒரு வாய் ஊத்தினேன். ஆரஞ்சு ஜூஸ்தான், ஆனா மூக்கு வரைக்கும் எரிஞ்சுது. அவ வந்து பாட்டிலப் பிடுங்கினா. யார்கிட்டேந்தும் எதையும் பிடுங்காதவ மிஸ். பெஞ்சுல இடம் இல்லன்னா நின்னுக்கிட்டே இருக்கிறவ. அவ பிடுங்கினா.

கத்தினேன். கன்னாபின்னான்னு கத்தினேன். அவ என்ன சொன்னா தெரியுமா? நான் குடிக்கலடி. ராக்கெட்டு மாதிரி ஜாலிக்காகக் குடிச்சாதான் குடிக்கிறது. எனக்கு அந்த டேஸ்ட்டே பிடிக்காது. மூக்கப் பிடிச்சுக்கிட்டு முழுங்குறேன். இது இல்லன்னா நான் மறுபடி பழைய பஞ்சு ஆயிடுவேன். பழைய பஞ்ச யாருக்குடி பிடிச்சுது?

எனக்குப் பிடிச்சுதுன்னு சொன்னேன். அது எங்க அவ காதுல விழுது.

அதுக்கப்புறம்தான் உங்க கூட்டம். கடைசில நன்றி சொல்ல ஒரு பொண்ணு வந்துச்சே, இவ்வளவு அழகா விழிப்புணர்வு ஏற்படுத்திய எங்கள் பள்ளி ஆலோசகர் அவர்களேன்னு... ஆமா மிஸ். அதே பொண்ணுதான்.

இல்ல, நான் ஒண்ணும் பொய் சொல்லல. ஹாலுக்கு வர்றதுக்கு முன்னாடி பாத்ரூம்ல நான்தான் கதவுக்கு வெளிய நின்னேன். குடிக்கிறது தப்புங்கிற கூட்டத்துக்கு நன்றி சொல்ல அவளுக்கு ரெண்டு மூடி தேவைப்பட்டுச்சு. நீங்க அவ முதுகுல தட்டிக் கொடுத்தீங்க. இப்படித் தன்னம்பிக்கையான பிள்ளைங்களுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிட்ட வராதுன்னு மைக்கப் பிடிச்சுச் சொன்னீங்க. அவ்வளவு பக்கத்துல நின்னீங்களே மிஸ். புதினா மிட்டாயையும் தாண்டி எனக்கு நாலு வரிசை தள்ளி வாசனை வந்துச்சு. உங்களுக்கு வரல. நாலு ரகத்தையும் படிச்சீங்க, ஒரு ரகம் உங்க கைக்கடியில நின்னப்ப தெரியல.

தப்பா சொல்லிட்டேன்னு நீங்களே ஒத்துக்குறீங்க, சரி. தண்ணி குடிங்க. எனக்கு வேண்டாம்.

உங்கள மட்டும் சொல்லல. அப்பா கேவலம், அம்மா கேவலம், அந்த ஆபீசர் படு கேவலம், கோப்பை கொடுத்தவங்க, கை தட்டினவங்க எல்லாருமே. அவங்க அம்மாகிட்ட ஜாடையா ஒரு தடவ சொல்லிப் பார்த்தேன். ஆன்ட்டி, பஞ்சு கொஞ்சம் சரியில்லன்னு. என்னம்மா சொல்ற, இப்பதானே அவ கலகலன்னு இருக்கான்னாங்க. அந்தப் பேச்சுப் போட்டியில நானும் பேசித் தோத்ததுல எனக்குப் பொறாமைன்னு நினைச்சுக்கிட்டாங்க போல. ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்பினாங்க.

இப்ப என்ன ஆச்சுன்னா, அவங்க அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் பிடிச்சுத் திட்டியிருக்காரு. மனுஷன் ரோஷம் வந்து, சனிக்கிழமை ஷோகேஸ மொத்தமா காலி பண்ணி யார் யாருக்கோ கொடுத்துட்டாரு. அந்த இடத்துல பொம்மை வாங்கி வச்சிருக்காங்களாம். வீட்டுல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எல்லாருக்கும்னா, பஞ்சுவத் தவிர.

திங்கட்கிழமை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவ பேரக் கூப்பிட்டாங்க. பக்கத்துலதான் உக்காந்திருக்கா. வாய் அசையுது, சத்தம் வரல. கிளாஸ் மிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கல, ஆப்சென்ட் போட்டுட்டாங்க. உள்ளங்கையெல்லாம் ஈரம். பேனாவப் பிடிச்சா எழுத்து ஆடுது. பழைய பயமா, இல்ல அது இல்லாததாலயான்னு எனக்குத் தெரியல. அவளுக்கும் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா தெரிஞ்ச டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

இன்னிக்கு இன்டர்வெல்ல ராக்கெட்டு என்னைத் தேடிட்டு வந்தான். எதுக்கும் சிரிக்கிறவன் மூஞ்சியில ஈயாடல. பஞ்சு அவன்கிட்டப் போய், எனக்குக் கொஞ்சம் வாங்கித் தர முடியுமான்னு கேட்டிருக்கா. அவ, ஒரு பையன்கிட்ட, தானாப் போய். அவன் கிண்டல்னு நினைச்சுச் சிரிச்சிருக்கான். இவ கைய நீட்டிக் காட்டினாளாம், எப்படி நடுங்குதுன்னு. ராக்கெட்டு என்கிட்ட சொல்றான், நான் விளையாட்டுக்குக் குடிச்சேன், அவ மூஞ்சில விளையாட்டே இல்ல, எனக்குப் பயமா இருக்கு, ஏதாவது பண்ணுன்னு. கூரையிலேந்து குதிக்கிறவனுக்குப் பயம் வந்துச்சு. இந்த ஸ்கூல்ல புத்தி இருக்கிற ஒரே ஆளு அவன்தான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவன்தான் உங்க முதல் ரகம்.

நான் ஏன் இவ்வளவு திட்டிக்கிட்டே இருக்கேன்னு கேக்குறீங்க. நியாயந்தான்.

நீங்க கத்துவீங்களான்னு பார்த்தேன். வெளிய போன்னு சொல்வீங்களா, பிரின்சிபாலுக்குப் போன் போடுவீங்களா, அவங்க அப்பா நம்பர் கேப்பீங்களான்னு. ஒண்ணும் பண்ணல. தப்பா சொன்னதத் தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க, தலைய ஆட்டினீங்க. அது போதும்னு நினைக்கிறேன். வேற யாரு இருக்காங்க?

அவ வெளிலதான் நிக்கிறா மிஸ். நான் வந்ததுலேந்து அங்கதான். இங்க கூட்டிட்டு வரவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் முதல்ல போய்ப் பேசிப் பார்க்குறேன், ஆளு எப்படின்னு சொல்றேன்னு நிக்க வச்சிட்டு வந்திருக்கேன்.

அவளப் பேசச் சொல்லாதீங்க. சும்மா உக்கார வைங்க. நான் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு மட்டும் சொல்லுங்க, அவ திரும்பச் சொல்ல வேண்டாம்.

இல்ல மிஸ், நான் கூப்பிடல, நீங்களே போய்க் கதவத் திறங்க. நான் திறந்தா, நீங்க முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னு நினைச்சுக்குவா.